மடுவில் கவிழ்த்த நீலக் கேன்

தவறு செய்தவன் தானே முன்வந்து, செய்தவன் நான் என்று சொன்ன பிறகும் பழி இன்னொருவர் தலையை விட்டு இறங்கவில்லையென்றால், அந்த ஒப்புதலால் யாருக்கு என்ன பயன்? குரங்கணிக்குக் கீழே, கொட்டக்குடி ஆற்றின் தடுப்பணைச் சுவர்மேல் ஒரு பங்குனிக் காலையில் நின்றிருந்தபோது இந்தக் கேள்வி என்முன் வந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்கள் பல. அவற்றில் ஒன்றைக்கூட என் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே பதிலை விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அக்காவை அந்த ஆற்றோர ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் வாரத்தில் மூன்று நாள் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பார். மற்ற நாட்களில் ஆற்றில் மீன் பிடிப்பார். நான் மதுரையில் சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டுப் போடிக்குத் திரும்பியவன். ஒரு சிறு தொண்டுக் குழுவோடு சேர்ந்து, தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் இடங்களுக்குக் காலையில் போய், பூச்சிமருந்தைக் கையாளும் முறைகளைச் சொல்லிக்கொடுத்து வந்தேன். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. அடித்து முடித்த கையோடு வெற்றிலை போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலி மருந்துக் கேனை ஓடையில் கழுவக் கூடாது. இந்த மூன்றாவது பாடத்தை நான் சொல்லாத நாள் கிடையாது. “ஓடுற தண்ணியில என்ன ஆகப்போகுது?” என்று யாராவது ஒருவர் கேட்காத நாளும் கிடையாது.

எனக்கும் அக்காவின் கணவருக்கும் தொடக்கத்திலிருந்தே ஆகாது. பெண் கேட்டு வந்தபோது, நிலையான வேலை இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று நான் வீட்டில் பேசியது அவர் காதுக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை மச்சான் என்றும் அவர் என்னை மாப்ளே என்றும் அழைத்துக்கொண்டோம். முறைக்கு அழைத்தோமே தவிர அதில் உறவு ஏதுமில்லை. என் வகுப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து ஊருக்குள் எனக்குக் ‘கேன் வாத்தியார்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். எனக்கும் அவரிடம் வெறுப்பு இருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மருந்தடிக்கும் அவருடைய அலட்சியத்தை என் வகுப்புகளில், ஆள் யாரென்று சொல்லாமல், உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தடுப்பணைக்கு மேலே ஆறு வளைந்து அகலும் இடத்தில் ஒரு மடு இருக்கிறது. கோடையிலும் வற்றாத ஆழம். ஐந்து குடும்பங்களுக்கு அதில் மீன் பிடிக்கும் உரிமை உண்டு. மழைக்காலத்தில் யாரும் எப்போதும் பரிசல் இறக்கலாம். பங்குனியில் தண்ணீர் சுருங்கியதும் ஒரு சமயத்தில் ஒரு பரிசல்தான். வீட்டுக்கு ஒரு வாரம் முறை. அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த வீட்டு வாரத்தில் மடுவுக்கு என்ன நேர்ந்தாலும் அந்த வீடுதான் பொறுப்பு. கரை உடைந்தால் அவர்கள்தான் மண் போட வேண்டும். தண்ணீர் கெட்டால் அவர்களுடைய பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்த பரிசலை மறுபடி இறக்கும் வழக்கம் இல்லை. அந்த வீட்டுக்கு மடுவில் பாத்தியதை முடிந்தது என்று அர்த்தம்.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் மிஞ்சிய மருந்தைக் கொண்டுவந்து மடுவில் ஊற்றி, மிதக்கும் மீனை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் முன்பு இருந்தார்கள். அப்போதிலிருந்து செத்த மீனை அந்தப் பக்கத்தில் யாரும் வாங்குவதில்லை. மாலையில் மலையிலிருந்து இறங்கும் பெண்கள் ஜீப்பை நிறுத்தி மீன் கேட்பார்கள். ஆனால் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தால்தான் கை நீட்டுவார்கள். துள்ளுகிற மீன் மருந்தில் சாகாத மீன் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பரிசலில் போகிறவர்கள் வாயகன்ற அண்டாவில் பாதி தண்ணீர் வைத்து, பிடித்த மீனை அதில் உயிரோடு போட்டுக்கொண்டு வருவார்கள்.

அன்று அக்கா வீட்டு முறையின் ஆறாவது நாள். அவரோடு வழக்கமாக வலை போடுகிறவர் மலைக்குப் போய்விட்டார். பரிசலில் ஒருவர் துடுப்புப் போட்டால்தான் மற்றவர் வலையை விடவும் எடுக்கவும் முடியும். “நீ போயேன் தம்பி, ஒரு நாளைக்குத்தானே” என்று அக்கா கேட்டாள். அந்த வாரத்து மீனை நம்பித்தான் அவள் பங்குனி, சித்திரையை ஓட்ட வேண்டும். ஏலத்தோட்டங்களில் அப்போது காய் எடுப்பு முடிந்து, மலையில் சோலி குறைந்திருந்தது. நான் போனேன்.

இலவங்காய்கள் வெடித்துக்கொண்டிருந்த பருவம். பஞ்சு நீரின் மேல் விழுந்து நனைந்து அழுக்கு நுரைபோல ஒதுங்கியிருந்தது. அவர் பரிசலின் ஓரத்தில் மண்டியிட்டுத் துடுப்பை வலித்தார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அருகில், வாயை அறுத்து அகலப்படுத்திய ஒரு நீல நிறக் கேனில் பாதி தண்ணீர் இருந்தது. அண்டா எங்கே என்று கேட்டேன். பங்குனிப் பொங்கல் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கக் கோயிலுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கோயிலுக்குக் கொடுத்ததை இடையில் திருப்பிக் கேட்க முடியாது.

அதன் பிறகு நாங்கள் பேசியது எல்லாமே பூசல்தான். வலையை நான் பிடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. “பேனாவப் பிடிக்கிற மாதிரி பிடிக்காத மாப்ளே, மீனு கையெழுத்துக் கேக்காது” என்றார். அவர் துடுப்பு வலித்த வேகத்தில் பரிசல் தன்னைத்தானே சுற்றியதைச் சொல்லி நானும் குத்திப் பேசினேன். அக்காவின் கையில் வளையல் இல்லாததைக் கேட்டேன். அது என் வேலை இல்லை என்றார். இதற்கிடையில் மீன் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கையகல ஜிலேபிகள் பத்துப் பன்னிரண்டு, கெளுத்தி இரண்டு. வலையிலிருந்து விடுவித்து ஒவ்வொன்றாகக் கேனில் போட்டேன்.

வெயில் ஏறியபோது ஒரு ஜிலேபி கேனுக்குள் தட்டாமாலை சுற்றத் தொடங்கியது. பிறகு அதன் உடல் ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. வயிறு மேலே வந்தது. நான் சொன்னேன். வெயிலுக்கு அப்படித்தான், புதுத் தண்ணீர் ஊற்று என்றார். ஊற்றினேன். அடுத்தது சுற்றியது. அதற்கு அடுத்ததும்.

கேனைத் திருப்பிப் பார்த்தேன். சுரண்டி எடுத்த காகிதத்தின் மிச்சம் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. சாய்சதுரக் கட்டத்தின் கீழ்ப்பாதி தெரிந்தது, சிவப்பு. நான் வகுப்புகளில் அட்டையில் வரைந்து காட்டும் அதே சிவப்பு. மருந்துகளில் மிகக் கொடியவற்றுக்குப் போடும் அடையாளம்.

எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். தோட்டத்து ஸ்டோரில் காலியாகக் கிடந்தது என்றார். ஏலக்காயை உலர்த்திச் சேர்த்து வைக்கும் கட்டடத்தை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பல தோட்டங்களில் மருந்தும் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில் இருக்கும்.

“சாம்பலப் போட்டுத் தேய்ச்சு மூணு நாளு வெயில்ல காய வச்சேன். மோந்து பாரு. ஏலக்கா வாசந்தான் அடிக்கும்.”

அது உண்மை. கேனில் ஏலக்காய் வாசம்தான் அடித்தது. அந்த வாசம் இருந்தால் அது காய் போட்டு வைத்த கேன், மருந்துக் கேன் அல்ல என்று மலையில் வேலை செய்கிற பலரும் நம்புகிறார்கள். ஸ்டோரில் பத்து நாள் கிடந்தால் செருப்பிலும் அந்த வாசம் ஏறும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. இதை நான் விளக்கினேன். விளக்கிய தொனி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இந்த மீனை விற்கக் கூடாது என்றும் சொன்னேன்.

உயிரோடு இருப்பதை மட்டும் விற்கிறேன் என்றார். உயிரோடு இருப்பதும் அதே தண்ணீரில்தான் கிடக்கிறது என்றேன். “நீ திங்காத. ஒன்னய யாரு திங்கச் சொன்னா?” என்று சொல்லிவிட்டு, பரிசலைக் கரைப் பக்கம் திருப்பினார். ஜீப்பிலிருந்து இறங்கி மீனுக்காகக் கை நீட்டப்போகும் பெண்கள் என் கண்முன் வந்தார்கள். அவர்களில் பலருக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் என்னை இயக்கியது அவர்கள்மேல் இருந்த அக்கறை மட்டும் என்று எழுதினால் பொய்யாகும். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கேனை இரண்டு கைகளாலும் தூக்கி, மீனும் தண்ணீருமாகப் பரிசலின் விளிம்புக்கு வெளியே கவிழ்த்தேன்.

துடுப்பு நின்றது. அவர் அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தார்.

“ஆத்துலயா ஊத்துன?”

அதைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. கேனை ஓடையில் கழுவக் கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னவன், கேனின் நஞ்சை அப்படியே மடுவில் கொட்டியிருக்கிறேன். அவர் படிக்காதவர், அலட்சியக்காரர் என்று முடிவு கட்டி வைத்திருந்தவன் நான். அந்தப் பரிசலில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்.

அவர் பரிசலை நேராகக் கரைக்கு வலித்தார். இறங்கியதும், மாடுகளைத் தண்ணீருக்கு விட வேண்டாம் என்று ஊருக்குள் போய்ச் சொல்லச் சொன்னார். கேட்டால் என்ன காரணம் சொல்வது என்று கேட்டேன். நடந்ததைச் சொல் என்றார். நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். கேனில் இருந்தது ஒரு குடம் தண்ணீர். மடுவில் இருப்பது எத்தனையோ மடங்கு. கழுவிக் காயவைத்த கேன். அதில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான் இருக்கும். சொன்னால் அவர் முறை போகும், என் வகுப்புகளும் போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றுமே நடக்காமலும் போகலாம். “இவ்வளவு தண்ணியில அது ஒன்னும் செய்யாது மச்சான்” என்றேன்.

அவர் காறித் துப்பினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கருவேல முள்ளை வெட்டி, மாடுகள் இறங்கும் தடத்தில் குறுக்கே இழுத்துப் போட்டார். ஊருக்கு அவரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று மாலை ஜீப்பை நிறுத்திய பெண்களிடம் மீன் படவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். நான் போடியிலிருந்து பஸ்சில் போய்ச் சேர்ந்தபோது தடுப்பணைச் சுவரை ஒட்டி மீன் குஞ்சுகள் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. பெரியவையும் சில. எல்லாம் நான் கொட்டியதால்தான் செத்தனவா, அல்லது மேலே எந்தத் தோட்டத்திலிருந்தாவது ஏதேனும் இறங்கியதா என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. அந்தச் சந்தேகத்தை என் தரப்பு வாதமாக எங்கும் வைத்ததில்லை. வைக்க எனக்கு உரிமை இல்லை.

நான்கு வீட்டு ஆட்களும் சுவர்மேல் நின்றிருந்தார்கள். அக்காவின் கணவர் கீழே, பரிசலுக்குப் பக்கத்தில், கைகட்டி நின்றார். நீலக் கேன் பரிசலுக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வாரத்து முறைக்காரர் இறங்கிப் போய் அதைக் காலால் புரட்டி, ஒட்டியிருந்த சிவப்பை எல்லோருக்கும் காட்டினார். பருத்த உடம்பு, உரத்த குரல். அவர் பேசும்போது மற்றவர்கள் பேசுவதில்லை.

“முறை முடிய ஒரு நாள் இருக்கு. அதுக்குள்ள மொத்தமா அள்ளிருவோம்னு ஊத்திட்டாரு.”

நான் ஊற்றவில்லை என்றார் அக்காவின் கணவர். அப்படியானால் மாட்டுத் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மாடு மேய்க்கும் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

“தண்ணி கெட்டிருக்குன்னு தெரியாமலா அண்ணே முள்ளப் போட்டீக? எங்க மாட்டுக்குப் பாத்த ஆளு, எங்க புள்ளைகளுக்குச் சொல்லலையே.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே ஒருமுறை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் என்ன செய்வேன் என்று அறியும் ஆசைதான் இருந்தது. நான் அப்போதும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். நான் பேசினால் முறைக்காரர்தான் பொறுப்பு என்ற விதி மாறுமா? மாறாது. அப்படியானால் பேசுவதால் அவருக்கு நன்மை இல்லை, வகுப்புகளுக்குத் தீமை உண்டு. வகுப்புகள் நின்றால் எத்தனை ஓடைகளில் எத்தனை கேன்கள் கழுவப்படும்? இப்படி ஒவ்வொரு படியாக, ஒழுங்காக, நான் படித்த படிப்புக்குத் தகுந்தாற்போல யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் நான்கு பேர் கீழே இறங்கிப் பரிசலைத் தூக்கிவிட்டார்கள். கரையில் கல்மேல் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். ஃபைபர் பரிசல் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. சுவரின் மறுமுனையில் நின்றிருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னேன். கேன் அவருடையது, மீன் சாவதைப் பார்த்து, தண்ணீரை ஆற்றில் கவிழ்த்தவன் நான், அவர் கையால் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

யாரோ சிரித்தார்கள். அடுத்த முறைக்காரரும் சிரித்தார்.

“ஏ தம்பி, கேனக் கழுவாதீகன்னு ஊரூராப் போயிச் சொல்ற ஆளு நீ. நீயா ஊத்துவ? மச்சானுக்காகப் பொய் சொல்ல வந்தா நம்புற மாதிரி ஒன்னு சொல்லணும்ப்பா.”

சத்தியம் செய்தேன். அவர்கள் முகங்களில் இரக்கம் வந்தது. அது என்மேல் வந்த இரக்கம். அக்காவுக்காகத் தம்பி பழியை ஏற்கிறான் என்று மாடு மேய்க்கும் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். படித்தவன் இப்படிப் பொய் சொல்லலாமா என்று இன்னொருவர் குறைபட்டார். நான் பேசப் பேச அக்காவின் கணவர் இன்னும் இழிந்தவரானார்; மைத்துனனைப் பொய் சொல்லவைத்து ஒளிந்துகொள்கிற ஆள். நேர்மையானவன் என்று நான் சேர்த்து வைத்திருந்த பெயர் எனக்குக் கவசமாகவும் அவருக்குக் கயிறாகவும் ஆனது.

கூட்டம் கலைந்தது. செத்த மீன்களைக் குழியில் புதைப்பதென்றும், தண்ணீர் தெளியும்வரை யாரும் இறங்குவதில்லை என்றும் முடிவானது. நல்ல வேளையாக மாட்டுக்கோ மனிதருக்கோ எதுவும் ஆகவில்லை. அதற்கு அந்த முள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அருகே போய், நாளை மறுபடி எல்லோரிடமும் பேசுகிறேன், வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் நிமிரவில்லை.

“எதுக்குச் சொல்லப்போற? எனக்குப் பரிசல் திரும்பி வரவா, ஒனக்குத் தூக்கம் வரவா?”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அக்கா என்னைத் தாண்டி அவர் பின்னால் போனாள்.

வீடு வீடாகப் போனேன். இரண்டு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில், இதையே பேசிக்கொண்டிருந்தால் உன் பெயர்தான் கெடும் என்று அறிவுரை சொன்னார்கள். அடுத்த முறைக்காரர் வாசலிலேயே நிறுத்தி, நீ ஊற்றியிருந்தாலும் முறை அவனுடையது, அவன் பரிசல், அவன் கேன், விதி விதிதான் என்றார். ஒருவகையில் அவர் ஒருவர்தான் நான் சொன்னதைக் காதில் வாங்கியவர்.

இப்போது அந்த மடுவுக்கு நான்கு வீட்டு முறைதான். அக்காவின் வீட்டுக்குப் பாத்தியதை இல்லை. அவள் கணவர் பரிசலைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, வாரத்தில் ஆறு நாளும் மலைக்குப் போய் மருந்தடிக்கிறார். அவருக்கு இருமல் வந்திருக்கிறது. நான் வகுப்பு எடுப்பதை விட்டுவிட்டேன். அக்கா நல்லது கெட்டதுக்கு மட்டும் என்னோடு பேசுகிறாள், அவர் பேசுவதில்லை.